சாட்சிக்கல்லில் ஜீவராஜ்

ஜெசிந்தினி திரும்பி வருவாளா என்று போன வாரம் முழுக்கக் கவலைப்பட்டவர்கள் இனி நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம். வந்துவிட்டாள். ஆனால் புருஷனைப் பார்க்க வரவில்லை. மேமலைத் தோட்டத்து லூர்து மாதா திருவிழாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வந்ததாகத்தான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்.

பண்டாரவளையில் ஏறி, பதுளையில் மாறி, பசறையில் மறுபடி மாறி, மடுல்சீமை மலை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வருகிறாள் என்றால், அது மெழுகுதிரிக்காக மட்டும் இருக்காது. மாதாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

அவள் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் ஒரு கேத்தல்.

ஒரு காலத்தில் நாட்டு அணிக்கே கோல் கீப்பராக நின்ற ஜீவராஜ், முழங்கால் போன பிறகு பதுளை டவுனில் ஜெர்சி அச்சடிக்கும் கடை வைத்தான். வெள்ளிக்கிழமை சாயந்தரங்களில் கடையில் உட்கார்ந்தபடியே போனில் நேரலை பேசினான். முதலில் கால்பந்து பற்றித்தான் பேச்சு. பிறகு மெல்ல மெல்ல ரோடு, தண்ணி, லயத்து வீட்டுக் கூரை என்று இறங்கினான்.

"பாலம்ங்கிற பந்து இப்ப கீழ் ஆபீஸ்ல இருக்கு. மேல் ஆபீசுக்குப் பாஸ் பண்றாங்க. அங்க ஆளக் காணோம். பந்து உருண்டு வெளிய போகுது. ரெப்ரி தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாரு."

மேட்ச் வர்ணனை மாதிரியே அவன் சொன்னதை லுணுகலை முதல் பண்டாரவளை வரை ஆட்கள் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களே ஒரு நாள், "நீயே எறங்கி ஆடேன்" என்றார்கள். எந்தக் கட்சியும் வேண்டாமென்று சுயேச்சைக் குழுவாகப் பிரதேச சபைத் தேர்தலில் இறங்கினான். பந்துச் சின்னம் கேட்டான். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கிற கேத்தல்தான் சின்னமாகக் கிடைத்தது. அன்றிலிருந்து அவன் கேத்தல் ஜீவா.

ஜெசிந்தினிக்கு அரசியல் என்றாலே அவள் சித்தப்பா ஞாபகம்தான் வரும். வாய் திறந்து ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சபைக்குப் போனார். அடுத்த மாசம் தண்ணி வரும் என்று மைக்கில் சொன்னார். அதையே வருஷக் கணக்காகச் சொன்னார். கடைசியில் வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட உண்மையான பதில் வராத ஆளாகிப் போனார்.

"ஒரு வோட்டுக்காக நீங்க ஒரு பொய் சொன்னாலும் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று ஜீவராஜிடம் சொன்னாள் அவள். அவன் சிரித்தான். சிரித்ததுதான் தப்பு. அன்றைக்கே பையைத் தூக்கினாள்.

ஆக, இன்று அவள் வந்தது ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான். மைக் பிடித்த பிறகும் அந்த ஆள் அதே ஆள்தானா?

*

கோயில் வாசலில் மாமனார் மரியநாயகம் மாலைக் கூடையோடு நின்றார்.

மேமலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் அவர்தான். தோட்டத்துக்கு எந்தப் பெரிய மனுஷன் வந்தாலும் முதல் மாலை மாதாவுக்கு, இரண்டாவது மாலை வந்தவருக்கு. இரண்டையும் போடுகிற கை தலைவருடையது. இன்று வருகிற பெரிய மனுஷன் சங்கத்தின் வேட்பாளர் ரமேஸ். அவரை எதிர்த்து நிற்பவன் தலைவர் பெற்ற பிள்ளை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் மரியநாயகத்தின் நிலைமை.

"வாம்மா. தனியாவா வந்த?"

"மாதாவுக்கு நேத்திக்கடன் மாமா. மெழுகுதிரி கொளுத்தணும்."

"நேத்தியா." அவர் கூடையை மறு கைக்கு மாற்றினார். "அவன் திருவிழா மேட்சுக்குக் கிரவுண்டுல இருக்கான். நீ வந்திருக்கன்னு சொல்லவா?"

"சொல்லாதீங்க மாமா."

"சரி. யாருக்கும் எதுவும் சொல்லாம இந்த ஒரு நாளத் தாண்டணும்னுதான் நானும் மாதாகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"மைக்ல அவரு கேத்தல் பத்திப் பேசுவாரா?"

"கூடாதுன்னுட்டேன். சாட்சிக்கல்லுல நிக்கிறவன் ஆட்டத்த மட்டுந்தான் சொல்லணும். சரின்னான்." ஒரு மாலையின் நாரை இறுக்கிக் கட்டினார். "இந்தத் தோட்டம் அவன் பக்கம் சாஞ்சா அவன் சபைக்குப் போயிருவான். சாயலன்னா போக மாட்டான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னைக்கு எல்லாக் கண்ணும் அவன் மேலதான் இருக்கப் போகுது."

*

மேமலை மைதானத்துக்கு ஒரு குணம் உண்டு. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மேற்குப் பக்கத்துக் கோல் கம்பங்களை முழுசாக விழுங்கிவிடும். ஆட்டத்தை நிறுத்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும் இதே கதைதான்.

அதனால் தோட்டத்துக்காரர்கள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேற்குக் கோலுக்கு மேலே, தேயிலை மலையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறது ஒரு பாறை. இரண்டு அணியும் நம்புகிற ஒரு ஆளை அதில் ஏற்றி நிறுத்துவார்கள். மூட்டத்துக்குள் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று அவன் சொல்வதுதான் தீர்ப்பு. நடுவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அவன் கோல் என்று சொல்லாவிட்டால் கோல் இல்லை. அந்தப் பாறைக்குச் சாட்சிக்கல் என்று பெயர்.

பல வருஷமாக அந்தக் கல்லில் நிற்பவன் ஜீவராஜ். மைக் வந்த பிறகு வர்ணனையும் அவன்தான். அவன் சொன்ன ஒரு கோலைக்கூட இன்றுவரை யாரும் மறுத்ததில்லை. ஜீவாவின் கண்ணுக்குப் பனியே கிடையாது என்பது தோட்டத்தில் வேத வாக்கு. பிள்ளைகளுக்குக் கரட் ஊட்டும் தாய்மார் "சாப்புடு, ஜீவா மாமா மாதிரி கண்ணு வரும்" என்றுதான் ஊட்டுவார்கள்.

இந்த வருஷம் அவன் வேட்பாளர் ஆயிற்றே, நிற்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. திருவிழாக் கிண்ண இறுதி ஆட்டத்தில் மேமலையோடு மோத வந்த லுணுகலை அணியின் கேப்டன் ஸாஹிர் அதை ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

"வோட்டு யாருக்குப் போடுறதுன்னு நாங்க பொறகு யோசிக்கிறோம். கல்லுல அவரே நிக்கட்டும்."

*

ஆட்டம் தொடங்கியதும் ஜெசிந்தினி பெண்கள் நின்ற மேட்டுப் பக்கம் போகவில்லை. புருஷன் கண்ணில் படக்கூடாது. ஆனால் அவன் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். மேற்குக் கோலுக்குப் பின்னால், சாட்சிக்கல்லுக்கு நேர் கீழே ஒரு பீலி இருக்கிறது. மலைத் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக விழுகிற இடம். தேயிலைச் செடிகள் மறைக்கும். அங்கே போய், கால் நனைய நின்றுகொண்டாள்.

அவள் அவனைக் கட்டிக்கொண்டது முழங்கால் போன பிறகு. அவன் ஆடியதை அவள் பார்த்ததே இல்லை. கடைச் சுவரில் மாட்டிய படத்தில், தரைக்கு மேல் படுத்த வாக்கில் பறந்து பந்தைப் பிடிக்கிற ஒரு இளைஞன் இருப்பான். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிற தன் புருஷனும் அவனும் ஒரே ஆள் என்று அவளுக்கு முழுசாக நம்பிக்கை வந்ததில்லை.

மூட்டம் ஏறியது. முதலில் எதிர்மேடு போயிற்று. பிறகு கூட்டம், பிறகு ஆட்டக்காரர்கள். செடி இடுக்கில் பக்கத்துக் கோல் கம்பங்களும் வெள்ளைக் கோடும் மட்டும் அவளுக்குத் தெரிந்தன; மற்றதெல்லாம் அவன் குரல்தான்.

"பந்து லுணுகலைகிட்ட. நல்ல பாஸ். நம்ம ஆளுங்க தூங்குறாங்க. எழுப்பி விடுங்க யாராச்சும். ஆங், நம்ம பத்தாம் நம்பர் எழும்பிட்டான். அந்தப் பையன் ஓடுறதப் பாருங்க. பாக்க முடியாதில்ல, நான் பாக்குறேன், நீங்க கேளுங்க."

மலை முழுக்க ஜனம். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அத்தனை பேரும் அவன் வாயால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் "ஐயோ" என்றால் மலையே ஐயோ என்றது. அவன் மூச்சைப் பிடித்தால் மலையும் பிடித்தது. எதிர் அணி நன்றாக ஆடினால் அதையும் ஒளிக்காமல் சொன்னான். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷனை நம்பி இவ்வளவு பேர் இப்படி நிற்பார்களா? ஜெசிந்தினிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இந்த ஆளிடமா நான் கோபித்துக்கொண்டு போனேன் என்று நினைத்தாள். அந்த நினைப்போடு பயமும் வந்தது. இவ்வளவு நம்பிக்கையைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு ஒரு பொய் எவ்வளவு சுலபம்.

ஆளுக்கொரு கோல் அடித்துச் சமமாக நின்றபோது ஆட்டம் முடிகிற நேரம் வந்துவிட்டது. மேமலை இன்னொரு கோல் அடித்தால் கிண்ணம் தோட்டத்துக்கு. அந்தக் கிண்ணத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் பத்தாம் நம்பர் பையன் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து உதைத்தான்.

லுணுகலைக் கீப்பர் விழுந்து பந்தை மறித்தான். பந்து அவன் கைக்கு அடியில் நழுவி உருண்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஜெசிந்தினி இருந்த பக்கமாக வந்து நின்றது. கிழிந்த வலையைத் திருவிழாவுக்கு முன்பே கழற்றிவிட்டதால் தடுக்க ஒன்றுமில்லை. கீப்பர் புரண்டு திரும்பிப் பந்தை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி கோட்டுக்கு மைதானப் பக்கம் விழுந்தான். கண் மூடித் திறக்கிற நேரம்தான்.

கோல். சந்தேகமே இல்லாத கோல்.

"கோல்" என்று ஒரு பக்கம் கத்தினார்கள். "இல்ல, புடிச்சிட்டான்" என்று மறு பக்கம் கத்தினார்கள். நடுவர் விசிலடித்தபடி ஓடி வந்து, மூட்டத்துக்குள் நின்று, தலையை நிமிர்த்திக் கல்லைப் பார்த்தார். எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது.

ஜெசிந்தினி நெஞ்சில் கை வைத்தாள். மாதாவே, உண்மையையும் வோட்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் கொடுத்துவிட்டாயே என்று அவளுக்குக் கண் கலங்கியது. இனி அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய் சொல்லவே தேவையில்லை.

ஒலிபெருக்கியில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

"ரெப்ரி, எனக்குத் தெரியல."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"மூட்டம் மறைச்சிருச்சு. பந்து கோட்டத் தாண்டுச்சா இல்லையான்னு நான் பாக்கல. பாக்காதத நான் சொல்ல மாட்டேன்."

மேட்டிலிருந்து ஒருவன் கெஞ்சினான். "ஜீவாண்ணே, நம்ம புள்ளைங்கண்ணே."

"நம்ம புள்ளைங்கதான்டா. நான் பாக்கலயே."

ஜீவாவின் கண்ணுக்குப் பனி கிடையாது என்று இத்தனை வருஷம் நம்பிய ஜனம், அதே ஜீவா மைக்கில், எல்லார் காதுக்கும் கேட்க, எனக்கும் பனி உண்டு என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றது. தேர்தலில் நிற்கிறவன், ஜெயிக்க ஒரு வார்த்தை தூரத்தில் நிற்கிறவன் சொல்கிற பேச்சா இது? வாயைப் பொத்திக்கொண்டார்கள் சில பெண்கள். கோயிலில் நற்கருணை எழுந்தேற்றம் ஆகும்போது இருக்குமே ஒரு அமைதி, அது அந்த மைதானத்தில் இருந்தது.

அதைக் கலைத்தவர் வேட்பாளர் ரமேஸ். மேட்டின் மேடையில் இருந்த இன்னொரு மைக்கைப் பிடித்தார்.

"நான் பார்த்தேன். மேமலை மக்களே, அது கோல்தான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

கூட்டம் ஒரு நொடி ஆரவாரித்தது. அடுத்த நொடி மரியநாயகத்தின் குரல் அதே மைக்கில் பணிவாக வந்தது.

"சேர், பக்கத்துல நிக்கிற உங்க மொகமே எனக்குச் சரியாத் தெரியல. இங்கேருந்து அது தெரிஞ்சிருந்தா, போகும்போது அந்தக் கண்ண எங்க தோட்டத்துக்குக் குடுத்துட்டுப் போங்க. காட்டுப் பன்னி வந்தா பாக்க ஒதவும்."

மலை சிரித்தது. லுணுகலைக்காரர்களும் சிரித்தார்கள்.

"கல்லு கோல்னு சொல்லல. அதனால கோல் இல்ல" என்றார் தலைவர். சங்கத்தின் வேட்பாளரை மேடையில் வைத்துக்கொண்டே அவர் பேசிய பேச்சு அது.

கீழே பீலிக்கரையில் ஜெசிந்தினியின் வாய் திறந்தபடி இருந்தது. 'நான் பார்த்தேன், கோல்தான்' என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் யார் நம்புவார்கள்? பார்க்கவில்லை என்று புருஷன் சொல்வானாம், பார்த்தேன் என்று பெண்டாட்டி வந்து நிற்பாளாம். நாடகம் என்பார்கள். இப்போதுதான் அவன் சொன்ன அந்தச் சுத்தமான வார்த்தையில் சேறு விழும்.

அவள் விழுங்கிக்கொண்டாள்.

*

கிழக்குப் பக்கம், மூட்டம் எட்டாத கோலில், பெனால்டி உதைத்தார்கள். மேமலை தோற்றது.

திட்டாதவர்கள் குறைவு. "சொந்தத் தோட்டத்துக்கு வாய் தெறக்காதவன் சபையில போயா தெறப்பான்" என்று ஒருவன் சொன்னான். கேத்தல் போஸ்டர் ஒன்று கிழிந்து சாக்கடையில் கிடந்தது. ரமேஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, மாலையோடே வேனில் ஏறினார்.

ஜீவராஜ் முழங்காலைப் பிடித்தபடி கல்லிலிருந்து இறங்கி வந்தான். ஸாஹிர் கிண்ணத்தோடு அங்கே காத்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஜீவாண்ணே, நீங்க கோல்னு சொல்லியிருந்தா நாங்க ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டோம். நம்பிட்டுப் போயிருப்போம்."

"தெரியும் ஸாஹிர். அதனாலதான் சொல்ல முடியல."

ஸாஹிர் போன பிறகு மரியநாயகம் வந்தார். வெறும் கூடை கையில் இருந்தது.

"நான் சங்கத்து ஆளு. என் வோட்டு சங்கத்துக்குத்தான்."

"தெரியும்ப்பா."

"எத்தனையோ பேருக்கு மால போட்டிருக்கேன். மைக்கப் புடிச்சவன் 'தெரியல'ன்னு சொல்லி நான் கேட்டதில்லடா." மகனின் ஜெர்சி காலர் மடிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டார்.

தேயிலைச் செடிகளுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி, மேட்டிலிருந்து வருகிறவள் மாதிரி ஜெசிந்தினி வந்தாள். அவளைப் பார்த்ததும் ஜீவராஜ் நின்றுவிட்டான்.

"எப்ப வந்த?"

"காலைலயே."

"எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்." மேலே சொல்ல நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போலாம். என் பை கோயில்ல இருக்கு" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே வாடியது.

"ஜெசி, அந்தப் பத்தாம் நம்பர் பையன் அழுவுறான். தோத்ததுக்கு அழுவுற மாதிரி இல்ல. பறிகொடுத்த மாதிரி அழுவுறான். அது கோலா இருந்திருக்குமோ?" அவன் கண்கள் அவள் முகத்திலேயே நின்றன. "நீ எங்க நின்ன? கீழ எங்கயாவது நின்னியா?"

அவளுக்கு அவனைத் தெரியும். ஆமாம் என்றால் இந்த நிமிஷமே திரும்பிக் கல்லில் ஏறுவான். என் பெண்டாட்டி பார்த்தாள், கோல்தான், நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று மைக்கில் சொல்வான். ஊர் கை கொட்டிச் சிரிக்கும். அப்படிப்பட்ட ஆள் என்று இன்றுதான் அவள் தன் காதால் கேட்டு, கண் கலங்கி, பெருமையில் நெஞ்சு வெடிக்க நின்றாள்.

"மேட்டுல" என்றாள். "பொம்பளைங்களோட நின்னேன்."

அவன் உடனே நம்பினான். "சரி" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டான். ஒரு பொய் சொன்னாலும் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்தான்.

மரியநாயகம் குனிந்து, கூடையின் அடியில் ஒட்டியிருந்து விழுந்த ஒரு வாடாமல்லியை எடுத்தார். நிமிரும்போது மருமகளின் கால்களைப் பார்த்தார். மேட்டுப் புல் காய்ந்து கிடந்தது. அவள் செருப்பும் சேலைக் கரையும் கணுக்கால் வரைக்கும் நனைந்திருந்தன, பீலிப் பாசி ஒட்டியிருந்தது.

பூவைக் கூடையில் போட்டுவிட்டு, கோயில் பக்கம் நடக்கத் தொடங்கினார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"மெழுகுதிரி கொளுத்தணும்னியேம்மா, வா" என்றார். "ஒண்ணு பத்தாது. ரெண்டாக் கொளுத்து."